கடவுள் நியாயம் விசாரிப்பது நாட்டையா, நெஞ்சையா?

ஒரு நாட்டில் கொடுமையான சட்டம் ஒன்று இருக்கிறது. அதே நாட்டில் யாருக்கும் கெடுதல் நினைக்காத ஒருவர் வாழ்கிறார். உழைக்கிறார், வரி கட்டுகிறார், தவறாமல் ஜெபிக்கிறார், அந்தச் சட்டத்தையும் மதித்து நடக்கிறார். கடவுள் நீதிபதியாக அமரும் நாளில் இவர் எங்கே நிற்பார்? அந்த நாட்டாரில் ஒருவராகவா, தனி ஒருவராகவா?

இந்தக் கேள்வி எழுந்தால் இரண்டு பதில்கள் உடனே வந்துவிடும். “கடவுளுக்கு மனம்தான் முக்கியம், சட்டமெல்லாம் ஆள்கிறவர்கள் பாடு” என்பது ஒன்று. “தப்பான சட்டம் போட்டால் நாடே அழியும்” என்பது மற்றொன்று. இரண்டு பேரும் வேதாகமத்திலிருந்தே வசனம் காட்டுவார்கள். முதலாமவர் சாமுவேலின் முதலாம் புத்தகத்தைத் திறப்பார்: “மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்.” இரண்டாமவர் நீதிமொழிகளுக்குப் போவார்: “நீதி ஜனத்தை உயர்த்தும், பாவமோ எந்த ஜனத்துக்கும் இகழ்ச்சி.”

வசனத்துக்கு வசனம் வைத்து இதைத் தீர்க்க முடியாது. இந்த எண்ணம் எங்கே பிறந்தது, எந்த நெருக்கடியில் மாறியது, பிற்காலத்தில் ஒரு நாடு அதை எப்படிச் சோதித்துப் பார்த்தது என்று வரிசையாகப் பார்த்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும். முன்னறிவு எதுவும் தேவையில்லை.

நாடுகளின் வழக்கு

கி.மு. 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. எருசலேமுக்குத் தெற்கே தெக்கோவா என்ற ஊர். அங்கே ஆடு மேய்த்து, காட்டத்தி மரங்களைப் பராமரித்துவந்தவர் ஆமோஸ். குருமார் குடும்பத்தவர் அல்லர், தீர்க்கதரிசிகளின் கூட்டத்தையும் சேர்ந்தவர் அல்லர். அவர் வடக்கே இஸ்ரவேல் அரசுக்குப் போய்ப் பேசினார். நாடுகளைப் பெயர் சொல்லிக் கூண்டில் ஏற்றும் பேச்சு அது.

முதலில் தமஸ்கு: கீலேயாத்தின் மக்களை இரும்புக் கருவிகளால் போரடித்தார்கள். அடுத்து காசா: ஓர் ஊர் மக்களை முழுவதுமாகச் சிறைபிடித்து ஏதோமுக்கு விற்றார்கள். தீரு: சகோதர உடன்படிக்கையை மறந்து அதே வியாபாரத்தைச் செய்தார்கள். அம்மோன்: எல்லையை விரிவாக்கக் கர்ப்பிணிகளின் வயிற்றைக் கீறினார்கள். மோவாப்: ஏதோம் அரசனின் எலும்புகளைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள்.

கடைசியாகச் சொன்ன மோவாபின் குற்றத்தைக் கவனிக்க வேண்டும். அதில் இஸ்ரவேலுக்கு எந்த நட்டமும் இல்லை. ஓர் அந்நிய நாடு இன்னோர் அந்நிய நாட்டுக்குச் செய்த அவமதிப்பு அது. இந்த நாடுகளில் எதற்கும் மோசேயின் நியாயப்பிரமாணம் கொடுக்கப்பட்டதும் இல்லை. ‘என்னை வணங்கவில்லை’ என்றோ ‘ஓய்வுநாளை மீறினீர்கள்’ என்றோ குற்றச்சாட்டு எழவில்லை. மனிதரை மனிதராக நடத்தாத கொடுமை மட்டுமே வழக்கு. எழுதப்பட்ட சட்டம் இல்லாத மக்களுக்கும் நியாயம் இன்னதென்று உள்ளுக்குள் தெரியும் என்று இயேசுவின் அப்போஸ்தலரான பவுல் பின்னாளில் ரோமருக்கு எழுதுவார். ஆமோஸ் அதை வாதிட்டு நிறுவவில்லை, அது எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்று எடுத்துக்கொண்டே பேசுகிறார்.

அண்டை நாடுகளைத் திட்டியவரை இஸ்ரவேலர் தலையாட்டிக் கேட்டிருப்பார்கள். பிறகு பேச்சு தெற்கிலிருந்த சகோதர அரசான யூதா பக்கம் திரும்பி, இறுதியில் இஸ்ரவேலிடமே வந்து நின்றது. வெள்ளிக்காக நீதிமானை விற்கிறீர்கள், ஒரு ஜோடு செருப்புக்காக எளியவனை விற்கிறீர்கள். அடகாக வாங்கிய உடைகளை விரித்து, எல்லாப் பலிபீடங்களின் பக்கத்திலும் படுத்துக்கொள்கிறீர்கள்.

அடகு உடை என்பது இன்றைய வாசகருக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். கடன் வாங்கும் ஏழையிடம் ஈடு வைக்க வேறு எதுவும் இல்லாதபோது மேலாடையை வைப்பான். பகலில் உடை, இரவில் போர்வை இரண்டும் அதுதான். ஆகவே யாத்திராகமத்தின் சட்டம், பொழுது சாய்வதற்கு முன்பே அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. வேறு எதைப் போர்த்திக்கொண்டு அவன் படுப்பான் என்றும் கேட்கிறது. சட்டம் நல்ல சட்டம். நாட்டின் ஏட்டில் அது இருந்தது. ஆனாலும் தீர்ப்பு வந்தது.

இது வெறும் பிரசங்க நடையா, நடந்த கதையா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு மண்பாண்டத் துண்டு சாட்சியாக இருக்கிறது. 1960இல் இஸ்ரேலின் கடற்கரையில், யாவ்னேக்கு அருகிலுள்ள ஒரு பழைய கோட்டையில் அது கிடைத்தது. ஆமோசுக்கு நூறாண்டுகளுக்கும் மேல் பிந்தியது, கி.மு. 7ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. ஓர் அறுவடைக் கூலியாள் அதிகாரிக்குக் கொடுத்த மனு, எபிரேய எழுத்தில், மையால் எழுதப்பட்டிருக்கிறது. நான் அறுத்தேன், அளந்தேன், சொன்ன வேலையை முடித்துக் களஞ்சியத்தில் சேர்த்தேன், அதற்குப் பிறகு சோபாயின் மகன் ஓசாயா வந்து என் உடையைப் பிடுங்கிக்கொண்டான், வெயிலில் என்னோடு அறுத்தவர்கள் எல்லாரும் எனக்காகச் சாட்சி சொல்வார்கள், நான் குற்றமற்றவன், என் உடையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். இதுதான் மனுவின் சாரம். எழுதத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி எழுதவைத்திருக்கலாம். அவருக்கு உடை திரும்பக் கிடைத்ததா என்பதைச் சொல்லும் பதில் எதுவும் நம் கைக்கு வரவில்லை.

சட்டப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்பதை வைத்து மட்டும் கடவுள் நாட்டை அளப்பதில்லை என்பதை இங்கே பார்க்கலாம். அந்தக் கூலியாளுக்கு அன்றிரவு போர்வை இருந்ததா என்பதே கேள்வி. அதற்காகச் சட்டம் எழுதுகிறவர்களை வேதாகமம் விட்டுவிடுவதும் இல்லை. தீர்க்கதரிசி ஏசாயாவின் புத்தகத்தில் பத்தாம் அதிகாரம் நேரடியாக அவர்களைக் குறிவைக்கிறது: “அநியாயமான தீர்ப்புகளைச் செய்கிறவர்களுக்கும், கொடுமையான கட்டளைகளை எழுதுகிறவர்களுக்கும் ஐயோ!” ஏழைகளை வழக்கில் தோற்கடிக்கவும் விதவைகளைச் சூறையாடவும் எழுதப்படும் சட்டங்கள் அவை என்று ஏசாயா விவரம் சொல்கிறார். எழுதியவனின் கை அங்கே தனியாகக் காட்டப்படுகிறது.

கூட்டத்துக்குள் ஓர் ஆள்

நாட்டுக்கே தீர்ப்பு என்றால் அதற்குள் இருக்கும் நல்லவன் கதி என்ன? இந்தக் கேள்வியை வேதாகமத்தில் கடவுளின் முகத்துக்கு நேரே கேட்டவர் ஆபிரகாம். கொடுமைக்குப் பேர்போன சோதோம் நகரம் அழியப்போகிறது என்று தெரிந்ததும் அவர் பேரம் பேசுகிறார். “துன்மார்க்கனோடே நீதிமானையும் அழிப்பீரோ?” என்று தொடங்கி, 50 பேர் இருந்தால், 45 பேர் இருந்தால், 40, 30, 20 என்று இறங்கி 10 வரை வருகிறார். ஒவ்வொரு படியிலும் கடவுள் ஒப்புக்கொள்கிறார். இந்தப் பேரத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ‘நல்லவர்களை மட்டும் வெளியே எடுத்துவிடும்’ என்று ஆபிரகாம் கேட்கவில்லை. அந்தப் பத்துப் பேருக்காக ஊர் முழுவதையும் விட்டுவிடும் என்றே கேட்கிறார். பொல்லாதவர்களால் நல்லவர்களுக்குக் கேடு வரும் என்றால், நல்லவர்களால் பொல்லாதவர்களுக்குப் பிழைப்பும் வரலாம் அல்லவா என்பது அவருடைய வாதம்.

சோதோமின் பாவம் என்ன என்று கேட்டால் பலரும் பாலியல் ஒழுக்கக்கேடு என்ற ஒரே ஒரு பதிலைத்தான் சொல்வார்கள். தீர்க்கதரிசி எசேக்கியேலின் புத்தகத்தில் பதினாறாம் அதிகாரம் வேறு பட்டியல் தருகிறது: கர்வம், வயிறார உணவு, கவலையற்ற சுகவாழ்வு, இத்தனையும் இருந்தும் எளியவனின் கையைப் பலப்படுத்தாமல் விட்டது. ஒரு நகரம் எப்படி வாழ்ந்தது என்பதே குற்றப்பத்திரிகையாக இருக்கிறது.

அதே எசேக்கியேல்தான் தனிமனிதர் பக்கத்து வாதத்தை அதுவரை யாரும் சொல்லாத அழுத்தத்தோடு சொன்னவரும். அவர் பேசிய சூழ்நிலை முக்கியம். கி.மு. 597இல் பாபிலோனியர் எருசலேமிலிருந்து சிறைபிடித்துக்கொண்டுபோனவர்களில் அவரும் ஒருவர். கேபார் நதிக்கரையில் அந்நிய மண்ணில் குடியேற்றப்பட்ட மக்கள் ஒரு பழமொழியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின. அப்பன் தின்ற புளிப்புக்கு மகன் பல் கூசுகிறது. முன்னோர் செய்த பாவத்துக்கு நாங்கள் இங்கே கிடக்கிறோம், எங்களால் ஆவது என்ன என்ற கசப்பு அதில் இருந்தது.

எசேக்கியேல் அந்தப் பழமொழியை இனிச் சொல்லக் கூடாது என்கிறார். “பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும்.” தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை, மகனுடையதைத் தகப்பன் சுமப்பதில்லை. இந்த எண்ணம் திடீரென்று முளைத்ததும் இல்லை. பிள்ளைகளுக்காகப் பிதாக்களும் பிதாக்களுக்காகப் பிள்ளைகளும் கொலைசெய்யப்படக் கூடாது என்று உபாகமச் சட்டம் இருந்தது. யூதாவின் அரசன் அமத்சியா தன் தகப்பனைக் கொன்றவர்களைத் தண்டித்தபோது அவர்களுடைய பிள்ளைகளை விட்டுவிட்டதற்கு இந்தச் சட்டத்தையே காரணமாகச் சொல்கிறது இராஜாக்களின் புத்தகம். அந்தக் காலத்து அரசர்கள் குடும்பத்தோடு வேரறுப்பது வழக்கம் என்பதை நினைத்தால் இதன் கனம் புரியும்.

எசேக்கியேல் 18ஐ மேலோட்டமாகப் படிக்கிறவர்கள் அங்கே ‘மனசுத் தூய்மை’ பேசப்படுகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். நீதிமான் யார் என்று அவர் தரும் பட்டியலைப் படித்தால் அந்த நினைப்பு நிற்காது. சிலைகளை நாடாதவன், பிறன் மனைவியைத் தொடாதவன், யாரையும் ஒடுக்காதவன், பசித்தவனுக்கு உணவு கொடுப்பவன், ஆடையில்லாதவனுக்கு உடை கொடுப்பவன், வட்டிக்குக் கொடாதவன், கடன்பட்டவனுக்கு அவனுடைய அடைமானத்தைத் திருப்பிக் கொடுப்பவன். அதே அடகு. ஆமோஸ் ஒரு நாட்டின் மேல் வைத்த வழக்கும் எசேக்கியேல் தனி ஆளிடம் கேட்ட கேள்வியும் ஒரே போர்வையைப் பற்றியவை.

என் பார்வையில் இந்த விவாதத்தின் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது. சட்டம் ஒரு பக்கம், இருதயம் மறுபக்கம் என்று நாம் பிரித்துக்கொள்கிறோம். தீர்க்கதரிசிகள் அப்படிப் பிரிக்கவில்லை. பலவீனமானவனுக்கு என்ன நடந்தது என்ற ஒரே கேள்வி நாட்டிடமும் போகிறது, ஆளிடமும் வருகிறது. இருதயம் என்று வேதாகமம் சொல்வது அந்தரங்கமான நல்லுணர்ச்சியை அல்ல. எதை நோக்கி ஒருவன் திரும்பியிருக்கிறான், அதன்படி அவன் கை என்ன செய்கிறது என்பதை.

இசுலாத்திலும் இந்த இரண்டு இழைகளும் சேர்ந்தே வருகின்றன. ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்று குர்ஆன் பல இடங்களில் சொல்கிறது. ஒவ்வொரு சமுதாயமும் மண்டியிட்டு, தன் பதிவேட்டை நோக்கி அழைக்கப்படும் என்றும் சொல்கிறது. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்பது நபிமொழி.

நல்லவர்களும் சேர்ந்து போனார்கள்

ஆனாலும் சிக்கல் தீரவில்லை. கி.மு. 586 வாக்கில் எருசலேம் எரிந்தபோது நல்லவர்கள், கெட்டவர்கள், கைக்குழந்தைகள் எல்லாரும் பசியையும் வாளையும் சந்தித்தார்கள். எசேக்கியேல் புத்தகத்திலேயே இந்த முரண் இருக்கிறது. ஒன்பதாம் அதிகாரத்தில், நகரத்தில் நடக்கும் அருவருப்புகளைப் பார்த்துப் பெருமூச்சுவிட்டு அழுகிறவர்களின் நெற்றியில் அடையாளம் போடும்படி கட்டளை வருகிறது. அவர்களைத் தொடக் கூடாது. இருபத்தொன்றாம் அதிகாரத்தில் நீதிமானையும் துன்மார்க்கனையும் சேர்த்தே அறுப்பேன் என்ற பயங்கரமான வார்த்தை வருகிறது. புத்தகத்தைத் தொகுத்தவர்கள் இரண்டில் ஒன்றை நீக்கி வேலையை எளிதாக்கிக்கொள்ளவில்லை. அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன்.

இதை விளங்கிக்கொள்ள ஒரு வேறுபாடு உதவும். விளைவைச் சுமப்பது வேறு, குற்றவாளியாகத் தீர்க்கப்படுவது வேறு. தகப்பன் கடனில் மூழ்கி வீட்டை இழந்தால் பிள்ளையும் தெருவில்தான் நிற்கும். அதற்காகக் கடனை வாங்கியது பிள்ளை என்று யாரும் சொல்லமாட்டார்கள். பாபிலோனில் பிறந்த குழந்தை அகதியாகவே பிறந்தது. கடவுளுக்கு முன் அது யாருடைய பாவத்துக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதே எசேக்கியேல் சொன்ன செய்தி. ஒரு நாட்டின் அநீதி சரித்திரத்தில் விளைவாக இறங்குகிறது. அது ஆள் பார்த்து இறங்குவதில்லை. தனிமனிதன் மேலான தீர்ப்பு மட்டும் ஆள் பார்க்கிறது.

இதையே அரசியல் மொழியில் சொன்னவர் ஜார்ஜ் மேசன். 1787 ஆகஸ்ட் 22 அன்று, பிலடெல்பியாவில் அமெரிக்க அரசியலமைப்பை வகுக்கக் கூடிய மாநாட்டில், அடிமை வியாபாரம் பற்றிய விவாதத்தில் அவர் பேசினார். நாடுகளுக்கு மறுமையில் பரிசோ தண்டனையோ கொடுக்க முடியாது. ஆகவே அவை இம்மையிலேயே கிடைத்தாக வேண்டும். காரணமும் காரியமுமாகத் தொடரும் தவிர்க்க முடியாத சங்கிலியால், தேசியப் பாவங்களைத் தேசியப் பேரழிவுகளால் இறைவன் தண்டிக்கிறார் என்றார். இதைச் சொன்ன மேசன் தாமே அடிமைகளை வைத்திருந்த வர்ஜீனியப் பண்ணை முதலாளி. மாநாடு அடிமை இறக்குமதியை 1808 வரை தடைசெய்யக் கூடாது என்று முடிவெடுத்தது. தப்பியோடிய அடிமையை உரியவனிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற விதியும் அரசியலமைப்பில் ஏறியது. மேசன் கையெழுத்திடவில்லை; அதற்கு அவருக்கு வேறு காரணங்களும் இருந்தன.

சட்டம் கையைப் பிடிக்கும்போது

அமெரிக்க அடிமைமுறையை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே இரண்டு தரப்பினரும் ஒரே வேதாகமத்தைப் படித்தார்கள். ‘எங்கள் சட்டம் எப்படி இருந்தாலும் நான் என் அடிமைகளை அன்போடுதான் நடத்துகிறேன்’ என்று நம்பிய பக்திமான்கள் ஏராளம். நல்ல இருதயம் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு இதைவிடக் கடுமையான சோதனை வேண்டியதில்லை.

1850இல் நிறைவேறிய தப்பியோடிய அடிமைகள் சட்டத்தைப் பாருங்கள். பிடிபட்டவர் தன் தரப்பைச் சொல்லிச் சாட்சியம் அளிக்க முடியாது. ஜூரி கிடையாது. கமிஷனர் ஒருவர் முடிவு செய்வார். அவர் பிடிபட்டவரை முதலாளியிடம் அனுப்பத் தீர்ப்பளித்தால் அவருக்குக் கட்டணம் 10 டாலர். விடுவித்தால் 5 டாலர். தப்பி வந்தவருக்கு ஒளிய இடம் கொடுத்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, நல்ல குடிமக்கள் அனைவரும் இந்தச் சட்டத்தை நிறைவேற்ற உதவ வேண்டும் என்று சட்டமே கட்டளையிட்டது. அடிமையே இல்லாத மாசசூசெட்ஸில் வாழ்ந்த ஒரு கடைக்காரரையும் அது வேட்டைக்கு அழைத்தது. ‘நான் உண்டு, என் மனசாட்சி உண்டு’ என்று ஒதுங்கி நிற்க அது இடம் வைக்கவில்லை. ஏசாயா சொன்ன ‘கொடுமையான கட்டளை’க்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

இப்படிப்பட்ட நாட்டில் ஒரு தனி இருதயம் என்ன செய்யும்? அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே ஒருவர் வாழ்ந்து காட்டினார். ஜான் உல்மன், நியூஜெர்சியைச் சேர்ந்தவர், குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையின் உறுப்பினர், 1720இல் பிறந்தவர். இளைஞராக ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, தாம் அடிமையாக வைத்திருந்த கறுப்பினப் பெண் ஒருத்தியை விற்ற முதலாளி, விற்பனைப் பத்திரத்தை எழுதச் சொன்னார். வாங்குகிறவர் பக்கத்திலேயே காத்திருந்தார். அவரும் வயதான குவேக்கர்தான். வருடச் சம்பளத்துக்கு அமர்ந்திருக்கிறோம், முதலாளி சொல்கிறார், வாங்குகிறவரும் நம் சபையைச் சேர்ந்த நல்ல மனிதர் என்று தமக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டு உல்மன் எழுதிக் கொடுத்தார். எழுதியபோதே, அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவ மார்க்கத்துக்கு ஒவ்வாதது என்று நம்புவதாக இருவர் முன்னிலையிலும் சொன்னார். சொன்னதால் அவர் மனம் ஓரளவு ஆறியது. எழுதியதால் முழுவதும் ஆறவில்லை.

அங்கே சட்டமீறல் எதுவும் நடக்கவில்லை. முதலாளிக்கோ வாங்கியவருக்கோ குரூரம் இருந்ததாகவும் தெரியவில்லை. மூன்று பக்திமான்கள், ஒரு காகிதம், ஒரு பேனா. அந்தக் காகிதத்தால் ஒரு பெண் கைமாறிப் போனாள். ‘கடவுள் இருதயத்தைத்தானே பார்க்கிறார்’ என்று சொல்லும்போது அந்தப் பெண்ணை மறந்துவிட்டுச் சொல்ல முடியாது.

பின்னாளில் உடலில் பலமாக அடிபட்ட பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் உல்மனிடம் தம் உயிலை எழுதச் சொன்னார். சொத்துகளோடு ஓர் அடிமைப் பெண்ணையும் பிள்ளைகளில் ஒருவருக்கு எழுதச் சொன்னார். உல்மன் மற்ற எல்லாவற்றையும் எழுதினார். அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டார். எழுதியதைப் படுக்கையருகே கொண்டுபோய் வாசித்துக் காட்டி, சக மனிதரை அடிமையாக்கும் எதையும் என்னால் எழுத முடியாது, எழுதியவரைக்கும் கூலி வேண்டாம், மீதியிலிருந்து என்னை விடுவியுங்கள் என்று தணிவாகச் சொன்னார். இருவரும் அதைப் பற்றித் தீவிரமாகப் பேசினார்கள். முடிவில் அந்தப் பெண்ணை விடுதலை செய்ய அவர் சம்மதித்தார். உல்மன் உயிலை எழுதி முடித்தார்.

உல்மன் 1772இல் இறந்தார். அவரும் அவரைப் போன்றவர்களும் ஆண்டுக்கணக்கில் வீடு வீடாகப் போய்ப் பேசியதன் பலனாக, 1776இல் பிலடெல்பியாவின் குவேக்கர் ஆண்டுக்கூட்டம் தன் உறுப்பினர்கள் அடிமை வைத்திருப்பதைத் தடைசெய்தது. ஓர் இருதயத்தின் உறுத்தல் ஒரு சமூகத்தின் விதியானது. சட்டத்துக்கும் இருதயத்துக்கும் நடுவே சுவர் இல்லை, போக்குவரத்து இருக்கிறது என்பதற்காகவே இந்தக் கதையை இவ்வளவு விரிவாகச் சொன்னேன். 1850ஆம் ஆண்டுச் சட்டம் எதிர்த்திசையில் வந்த போக்குவரத்து: ஒரு நாட்டின் விதி கோடிக்கணக்கானவர்களின் இருதயத்தைக் கோணலாக்க முயன்றது.

‘நாங்கள்’ என்று சொன்னவர்கள்

தானியேல் புத்தகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு நீண்ட ஜெபம் இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட தானியேலிடம் குற்றம் கண்டுபிடிக்க எதிரிகளாலேயே முடியவில்லை என்று அதே புத்தகம் சொல்கிறது. அப்படிப்பட்டவர் ஜெபிக்கும்போது ‘அவர்கள் பாவம் செய்தார்கள்’ என்று சொல்லவில்லை; நாங்கள் பாவம் செய்தோம் என்கிறார். நெகேமியாவும் அப்படியே: நானும் என் தகப்பன் வீட்டாரும் பாவம் செய்தோம். எசேக்கியேல் 18 சரியென்றால் இவர்கள் ஏன் இப்படிப் பேச வேண்டும்?

1945 அக்டோபரில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் கூடிய சீர்திருத்தச் சபைத் தலைவர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இன்னும் துணிவாகச் சாட்சி சொல்லாததற்காக, இன்னும் உண்மையாக ஜெபிக்காததற்காக, இன்னும் கொழுந்துவிட்ட அன்போடு நேசிக்காததற்காக நாங்கள் எங்களையே குற்றஞ்சாட்டுகிறோம் என்றது அது. கையெழுத்திட்டவர்களில் ஒருவர் மார்ட்டின் நீமோலர். 1937 முதல் 1945 வரை ஹிட்லரின் சிறைகளிலும் முகாம்களிலும் கிடந்தவர். குற்றவாளிக் கூண்டிலிருந்து விலகி நிற்க உரிமை உள்ள ஒருவர் இருந்திருந்தால் அவர்தான். அவர் விலகவில்லை. குண்டுவீச்சில் வீடிழந்து பசியோடு இருந்த ஜெர்மானியரில் பலருக்கு இந்த அறிக்கை கோபமூட்டியது. யூதர்களின் பெயர் அந்த அறிக்கையில் இல்லை என்பது அதன் பெருங்குறை. அதையும் சொல்லியாக வேண்டும்.

அதே குளிர்காலத்தில் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் தத்துவ அறிஞர் கார்ல் யாஸ்பர்ஸ் இதைப் பற்றி உரையாற்றினார். அவர் மனைவி யூதர். போர் முடியும்வரை இருவரும் கைதாகும் பயத்தோடே வாழ்ந்தார்கள். குற்றம் என்பதை அவர் நான்காகப் பிரித்தார். சட்டத்தை மீறிய குற்றம்: நீதிமன்றம் விசாரிக்கும். அரசியல் பொறுப்பு: அந்த அரசின் கீழ் வாழ்ந்த எல்லாக் குடிமக்களுக்கும் உண்டு, அதன் விளைவுகளை எல்லாரும் சுமக்க வேண்டும். ஒழுக்கக் குற்றம்: ஒவ்வொருவரும் தன் மனசாட்சியின் முன் பதில் சொல்ல வேண்டியது. நான்காவது, பக்கத்தில் மனிதர் கொல்லப்படும்போது தான் உயிரோடு இருப்பதாலேயே உள்ளே உறுத்தும் குற்றம். அதற்கு நீதிபதி கடவுள் ஒருவரே. ஒரு மக்கள் கூட்டத்தை மொத்தமாக ஒழுக்கக் குற்றவாளி என்று தீர்ப்பது பொருளற்றது என்றும் யாஸ்பர்ஸ் வற்புறுத்தினார்.

தானியேலின் ‘நாங்கள்’ இந்தப் பிரிவினையில் தெளிவாகிறது. ‘என் கை கொன்றது’ என்று அவர் சொல்லவில்லை. இந்த மக்களின் கடன் என் கடன், நான் வெளியே நிற்கவில்லை என்று சொல்கிறார். அப்படிச் சொல்வது தானாக விரும்பி ஏற்கும் பொறுப்பு. வெளியிலிருந்து ஒருவர் இன்னொரு சமூகத்தைப் பார்த்து ‘நீங்கள் எல்லாரும் குற்றவாளிகள்’ என்று சொல்வதற்கு இது அனுமதி தராது.

பேரழிவைத் தீர்ப்பு என்று சொல்லலாமா?

இந்தப் போதனை மிக எளிதாகத் தவறாகப் பயன்படுத்தப்படுவது இங்கேதான். 2004 டிசம்பர் 26 அன்று கடல் எழுந்து வந்தபோது, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வேளாங்கண்ணிக் கரையில் இருந்த யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். நாகப்பட்டினத்தில் குழந்தைகள் கும்பல் கும்பலாகப் போனார்கள். இத்தகைய நேரத்தில் ‘இது இன்னாருடைய பாவத்துக்கு வந்த தண்டனை’ என்று பேசுகிறவர்கள் எல்லா மதங்களிலும் இருக்கிறார்கள். இயேசுவிடமும் அந்தப் பேச்சு வந்தது. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றி லூக்கா 13இல் அவரே எடுத்துப் பேசுகிறார். எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொல்கிறார். பிறகு கேட்டவர்களின் பக்கமே கேள்வியைத் திருப்பி, நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். பேரழிவிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பாவியைக் கண்டுபிடிக்கும் வழியை அவர் அடைத்துவிட்டார்.

ஆமோஸ் செய்தது அந்த வேலை அல்ல. அவர் அழிவுக்கு முன்பே பேசினார். இன்ன குற்றம் என்று பெயர் சொன்னார். பாதிக்கப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து பேசினார். செத்துப்போனவர்களைக் காட்டி உயிரோடிருப்பவர்களின் பெருமையை வளர்க்கவில்லை. மேசன் சொன்ன சங்கிலியிலும் ஒரு கண்ணி தெளிவாக இருக்கிறது: அடிமைமுறை உள்நாட்டுப் போரை உண்டாக்கியதற்கு நேரடியான காரண காரியத் தொடர்பு உண்டு. நிலநடுக்கத்துக்கும் ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்துக்கும் அப்படி எந்தத் தொடர்பும் இல்லை.

அந்தப் போர் 1861இல் தொடங்கியது. சுமார் ஆறு லட்சத்து இருபதாயிரம் வீரர்கள் மாண்டார்கள் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. அதற்கும் மேலே இருக்கும் என்கிறார்கள் இப்போதைய ஆய்வாளர்கள் சிலர். 1865 மார்ச் 4 அன்று, வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, ஆபிரகாம் லிங்கன் இரண்டாம் முறையாகப் பதவியேற்றுப் பேசினார். தென்மாநிலங்களின் பாவம் தண்டிக்கப்பட்டது என்று அவர் சொல்லியிருக்கலாம், கூடியிருந்தவர்கள் கைதட்டியிருப்பார்கள். அவர் அதைத் தென்னாட்டு அடிமைமுறை என்று குறிப்பிடாமல் அமெரிக்க அடிமைமுறை என்றே குறிப்பிட்டார். வடக்குக்கும் தெற்குக்கும் கடவுள் இந்தப் போரைக் கொடுத்தார் என்றார். இருநூற்றைம்பது ஆண்டுகள் கூலியில்லாமல் அடிமைகள் உழைத்துச் சேர்த்த செல்வம் முழுவதும் மூழ்கும்வரை, சாட்டையால் எடுத்த ஒவ்வொரு துளி இரத்தத்துக்கும் வாளால் ஒரு துளி ஈடு செய்யப்படும்வரை இது நீடிக்க வேண்டும் என்பது கடவுளின் சித்தமானால், அப்போதும் அவருடைய நியாயங்கள் உண்மையும் நீதியுமானவை என்றே சொல்ல வேண்டும் என்றார். அதே மூச்சில், யாருக்கும் பகை பாராட்டாமல், போரைச் சுமந்தவனையும் அவன் விதவையையும் அநாதைப் பிள்ளையையும் பராமரிக்கவும் சொன்னார்.

பதினொரு நாள் கழித்து நியூயார்க் அரசியல் பிரமுகர் தர்லோ வீடுக்கு எழுதிய கடிதத்தில் லிங்கன் அந்த உரையைப் பற்றிக் குறிப்பிட்டார். அது உடனே மக்களுக்குப் பிடித்துவிடாது. தங்கள் நோக்கமும் சர்வவல்லவரின் நோக்கமும் வேறு வேறு என்று காட்டப்படுவதை மனிதர் விரும்புவதில்லை. ஆனாலும் சொல்லப்பட வேண்டிய உண்மை என்று கருதினேன். அதிலுள்ள தலைகுனிவு எவ்வளவோ அவ்வளவும் முதலில் என் மேல்தான் விழுகிறது, ஆகவே நான் அதைச் சொல்வதை மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன் என்று எழுதினார்.